சிறு தொழிற்கூடத்தில் கணினி வலையமைப்பு: முதலில் சீர்திருத்த வேண்டியது எது?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிறு தொழிற்கூடங்களில் கணினி என்பது பெரும்பாலும் கணக்கரின் மேசைமேல் தனியே இருந்த ஒரு சாதனமாகும். கடிதங்களை அச்சிடுவதும் மாத முடிவில் கணக்கைக் கூட்டுவதுமே அதன் வேலை. அது ஒருநாள் பழுதுபட்டால் கணக்கர் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தம் வேலையைத் தொடர்ந்தார். இன்று அவ்வாறு இயலாது. 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ரூ. 50,000க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு அவசியமாயிற்று. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்பனை ரூ. 5 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்கள், தம்மைப் போன்ற பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு மின்னணு விலைப்பட்டியல் பெறவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஆகவே, தொழிற்கூடத்தின் கணினிகளும் வெளி இணைப்பும் ஒரு மணி நேரம் நின்றுபோனால், செய்து முடித்த சரக்கு லாரியில் ஏற்றப்பட்ட பின்னும் வாயிலைத் தாண்ட முடிவதில்லை.

இத்தகைய இடையூறு நேரும்போது தொழிற்கூட உரிமையாளர் களப்பணியாளரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “இதைவிட வேகமான இணைப்பை வாங்கிவிடலாமா?” அதற்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ விடையளிப்பது சரியன்று. குறைந்த பணத்தைக்கொண்டு பல குறைகளை நீக்கவேண்டிய இடத்தில், எக்குறையை முதலில் நீக்குவது என்று முடிவு செய்வதே முதல் வேலையாகும். அம்முடிவை எட்டும் முறையையும், அதற்கு வேண்டிய தொழில்நுட்பச் செய்திகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வலையமைப்பின் உறுப்புகள்

கணினிகள், அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி, காவல் காமிரா முதலிய சாதனங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் பொருட்டு இணைக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டையே வலையமைப்பு என்கிறோம். சிறு தொழிற்கூடம் ஒன்றில் அது ஆறு உறுப்புகளைக் கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பு முதலாவது. அதை உள்ளே வாங்கிப் பங்கிடும் ரௌட்டர் இரண்டாவது. பல கணினிகளை ஒருங்கே சேர்க்கும் ஸ்விட்ச் மூன்றாவது. இவற்றைப் பிணைக்கும் கேபிள் நான்காவது. கம்பியின்றிச் செய்தி பரப்பும் வைஃபை அலைபரப்பி ஐந்தாவது. இவை யாவற்றையும் இயக்கும் மின்சாரம் ஆறாவது. மின்சாரத்தை வலையமைப்பின் உறுப்பாகப் பலர் எண்ணுவதில்லை. ஆயினும் நம் நாட்டுத் தொழிற்கூடங்களில் மிகுந்த தடங்கலுக்குக் காரணமாகும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று.

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாயும் முறையைக் களப்பணியாளர் அறிவர். கிளை வாய்க்காலில் மண் மேடிட்டிருக்கும்போது தலைமடையை அகலப்படுத்தினால் கடைவயலுக்கு ஒரு துளி நீரும் கூடுதலாகச் சேராது. கரை உடைந்துகொள்வதே மிச்சம். வலையமைப்பிலும் அதன் மிகக் குறுகிய பகுதியே முழு ஓட்டத்தையும் அளவிடுகிறது. வெளி இணைப்பை விரைவாக்குவது தலைமடையை அகலப்படுத்துவதை ஒக்கும். கிளை வாய்க்கால்களின் நிலையை அறியாமல் அதைச் செய்தல் வீண்.

ஓர் எடுத்துக்காட்டு

குஜராத்தைச் சேர்ந்த ராஜ்கோட் நகரம் எஞ்சின், பம்பு, இயந்திர உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள தொழிற்கூடங்களுக்குப் பொதுவான நிலைமைகளைக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். பம்பு உறுப்புகளைக் கடைந்து அனுப்பும் கூடம் அது. அலுவலகத்தில் ஐந்து கணினிகள், கடைசல் பகுதியில் இரண்டு, சரக்கறையில் இரண்டு, ஆக ஒன்பது. இவற்றோடு நான்கு காமிராக்கள், ஓர் அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி ஒன்று. கணக்கர் பயன்படுத்தும் கணினியிலேயே எல்லாக் கணக்கும் உள்ளது. வாங்கியவர் தரவேண்டிய கடன், மூலப்பொருள் இருப்பு, கூலி விவரம், வரிக் கணக்கு ஆகிய யாவும் அதிலுள்ள ஒரே தட்டில் பதிவாகியிருக்கின்றன. வலையமைப்பைச் செப்பனிட இவ்வாண்டு ரூ. 50,000 செலவிடலாம் என்று உரிமையாளர் கருதுகிறார். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை 300 மெகாபிட்டாக உயர்த்தவேண்டும் என்பது அவர் விருப்பம்.

இந்த 100 மெகாபிட் என்னும் எண்ணின் பொருளை முதலில் காணவேண்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, இவ்வேகத்தில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் செல்ல இயலும். ஒரு விலைப்பட்டியலைப் பதிவு செய்ய அனுப்பப்படும் செய்தியோ சில ஆயிரம் பைட் அளவினதே. பெரிய வரைபடங்களையோ படக்காட்சிகளையோ இடைவிடாது அனுப்பாத கூடத்துக்கு 100 மெகாபிட் தாராளமாகப் போதும். அவ்வாறிருந்தும் வேலை தடைப்படுகிறது என்றால் காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். அதைக் கண்டறிய இரண்டு எளிய வழிகள் உள்ளன.

இடையூற்றுப் பதிவேடு

முதல் வழி, ஒரு மாத காலம் பதிவேடு ஒன்றை எழுதி வருவதாகும். சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். இடையூறு நேர்ந்த நாள், மணி, இடம், எத்தனை நிமிடம் வேலை நின்றது, எத்தனை பேருக்கு நின்றது என்ற ஐந்து விவரங்களை, நேர்ந்தவுடனே குறிக்கவேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுதல் கூடாது. எரிச்சலூட்டிய நிகழ்ச்சி பெரிதாகவும், பழகிப்போன நிகழ்ச்சி சிறிதாகவும் நினைவில் நிற்பது மனித இயல்பு.

மாத முடிவில், எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்னும் மூன்று எண்களையும் பெருக்கினால் இழந்த ஆள்-நிமிடங்கள் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டுக் கூடத்தின் பதிவேடு பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

(அ) மின்சாரம் ஒரு கணம் அற்று வந்ததால் ரௌட்டரும் ஸ்விட்சும் அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கியது: 20 முறை, 6 நிமிடம், 9 பேர். இழப்பு 1,080 ஆள்-நிமிடம். அதாவது 18 மணி.

(ஆ) கடைசல் பகுதிக்கும் சரக்கறை மேசைக்கும் செல்லும் கேபிளில் இணைப்பு விட்டுப்போனது: 12 முறை, 15 நிமிடம், 4 பேர். இழப்பு 720 ஆள்-நிமிடம், 12 மணி.

(இ) வெளி இணைப்பு அடியோடு நின்றது: 3 முறை, 40 நிமிடம், 5 பேர். இழப்பு 600 ஆள்-நிமிடம், 10 மணி.

(ஈ) சரக்கறையின் உட்புறத்தில் வைஃபை அலை எட்டாதது: 40 முறை, 5 நிமிடம், 2 பேர். இழப்பு 400 ஆள்-நிமிடம். 6 மணி 40 நிமிடம்.

(உ) வரைபடம் அனுப்பும்போது வெளி இணைப்பு மெதுவாக இருந்தது: 10 முறை, 12 நிமிடம், ஒருவர். இழப்பு 120 ஆள்-நிமிடம், 2 மணி.

மொத்த இழப்பு 48 மணி 40 நிமிடம். அதில் வேகக் குறைவால் நேர்ந்தது 2 மணியே; நூற்றுக்கு நான்கு பங்கு. உரிமையாளர் விரும்பியபடி முழுப் பணத்தையும் வேகத்துக்கே செலவிட்டிருந்தால், எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கு இழப்பும் அப்படியே இருந்திருக்கும். வைஃபை எட்டாமையே மிகப் பலமுறை நேர்ந்த தொல்லை என்பதும், ஆயினும் இழப்பின் வரிசையில் அது நான்காவதாக நிற்கிறது என்பதும் கவனிக்கத் தக்கவை. அடிக்கடி நேரும் குறை வேறு, அதிகம் இழக்கச்செய்யும் குறை வேறு.

மூவிடச் சோதனை

குறை எங்குள்ளது என்பதைத் தெளிய இரண்டாவது வழி உண்டு. எல்லாக் கணினிகளிலும் ‘பிங்’ என்னும் ஒரு கட்டளை உள்ளது. அது குறித்த ஓரிடத்துக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, விடை திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று கூறும். விடை வராவிடில் அதையும் தெரிவிக்கும்.

முதலில், ரௌட்டருக்கு அருகிலேயே நல்ல கேபிளால் இணைத்த கணினியிலிருந்து ரௌட்டருக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். ஓரிரண்டு மில்லி விநாடிக்குள் விடை வருதல் இயல்பு. இரண்டாவதாக, கூடத்தின் கடைக்கோடியிலுள்ள கணினியிலிருந்து அதே ரௌட்டருக்கு அனுப்பவேண்டும். மூன்றாவதாக, ரௌட்டருக்கு அருகிலுள்ள கணினியிலிருந்து வெளியுலகிலுள்ள ஒரு முகவரிக்கு அனுப்பவேண்டும். முதற் சோதனையே தவறினால் குறை ரௌட்டரிலோ அதன் மின்சாரத்திலோ உள்ளது. முதலாவது சரியாயிருந்து இரண்டாவது தவறினால் குறை உள்ளே, கேபிளிலோ ஸ்விட்சிலோ வைஃபையிலோ இருக்கிறது. முதலாவது சரியாயிருந்து மூன்றாவது மட்டும் தவறினால் இணைப்புத் தரும் நிறுவனத்திடம் முறையிடலாம். ஒவ்வொரு சோதனையையும் பத்து நிமிடம் தொடர்ந்து செய்வது நலம். விட்டு விட்டு நேரும் குறை ஒரு முறை பார்ப்பதால் அகப்படாது.

பதிவேட்டில் ஏறாத இழப்பு

மேற்கூறிய பதிவேடு எவ்வளவு பயனுள்ளதாயினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. அம்மாதத்தில் நேராத விபத்து அதில் இடம்பெறாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேர்ந்து தொழிலையே மூடச்செய்யும் விபத்து அறுபது மாதப் பதிவேடுகளில் ஐம்பத்தொன்பதில் காணப்படாது. ஆகவே, ஆள்-நிமிடக் கணக்கைப் பார்க்குமுன், ‘ஒருமுறை போனால் திரும்பப் பெறமுடியாதது எது?’ என்ற கேள்வியைக் கேட்கவேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் அதற்கு விடை, கணக்கர் கணினியிலுள்ள அந்த ஒரே தட்டு. நின்றுபோன வேலை நேரத்தைக் கூடுதலாக உழைத்து ஈடுசெய்யலாம். ஆனால் அத்தட்டு அழிந்தால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை நிரூபிக்கச் சான்று இராது. வாங்கியவர் தாமாக ஒப்புக்கொள்ளும் கடனே கடன் என்றாகிவிடும். தொழிலாளரின் வருகை, கூலி விவரங்களும் அதனுடன் போகும். மேலும், சரக்கு, சேவை வரிச் சட்டப்படி கணக்குகளை, அவற்றுக்குரிய ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்கவேண்டும் என்பது கடமை.

ஆகையால், மீளாத இழப்பைத் தடுக்கும் மூன்று ஏற்பாடுகளே எல்லாவற்றுக்கும் முந்தியவை.

முதலாவது, படியெடுத்தல். முக்கியமான கணக்கு மூன்று படிகளாக இருக்கவேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒரு படி கட்டடத்துக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் கையாளப்படும் விதி. இரண்டு வெளித்தட்டுகளை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வேறிடத்தில் வைப்பதும், கணக்கை நாள்தோறும் இணையச் சேமிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவைப்பதும் சிறு கூடத்துக்கு இயலும். படியெடுத்தபின் வெளித்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடவேண்டும். கணினியைத் தாக்கும் தீய மென்பொருள் அதனோடு இணைந்திருக்கும் தட்டையும் தாக்கும். படியெடுத்தோம் என்று மனநிறைவு கொள்வதும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அப்படியை வேறொரு கணினியில் திறந்து, கணக்கு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திறந்து பாராத படி, முளைப்புச் சோதனை செய்யாத விதையை ஒக்கும்.

இரண்டாவது, மென்பொருளைப் புதுப்பித்தல். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி ‘வான்னகிரை’ எனப்பட்ட தீய மென்பொருள் உலகெங்கும் பரவி, கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டி வைத்து, திறந்துவிடப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் அது பரவியது. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், விலையின்றிக் கிடைத்த திருத்தத்தைச் சேர்க்காத கணினிகளே பெரும்பாலும் அதற்கு இரையாயின. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவடைந்தது. அதைக் கொண்ட கணினிகள் கூடத்தில் எத்தனை உள்ளன என்று எண்ணி, அவற்றுள் கணக்குக் கணினியை முதலில் மாற்றத் திட்டமிடவேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல். ரௌட்டர், காமிரா முதலியவை தொழிற்சாலையிலிருந்து வரும்போது பலராலும் அறியப்பட்ட ஒரே கடவுச்சொல்லுடன் வருவதுண்டு. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய மென்பொருள், இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களின் சிறு பட்டியல் ஒன்றைக்கொண்டே ஏராளமான காமிராக்களையும் ரௌட்டர்களையும் தன்வயப்படுத்தியது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. அத்துடன், வருகையாளருக்கும் காமிராவுக்கும் தனி வலையமைப்பை ஒதுக்கினால், அவற்றின் வழியே கணக்குக் கணினியை அணுகுவது கடினமாகும். இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு.

மின்சாரம்

திரும்பப் பெறமுடியாத இழப்புக்கு அரண் செய்தபின், பதிவேட்டின் வரிசையைப் பின்பற்றலாம். அதில் முதலிடம் பெற்றது மின்சாரம். ஒரு கணம் விளக்கு மினுக்கினாலும் ரௌட்டர் அணைந்துவிடும். மீண்டும் எழுந்து இணைப்பைப் பெறச் சில நிமிடங்கள் ஆகும். ரௌட்டரும் சிறு ஸ்விட்சும் சேர்ந்து ஏறத்தாழ 20 வாட் மின்சாரமே கொள்ளும். யு.பி.எஸ். சாதனங்களில் வழக்கமாக உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 84 வாட்-மணி. மாற்றத்தில் நேரும் இழப்பு போக, நல்ல நிலையிலுள்ள ஒரு மின்கலம் இவ்விரண்டையும் ஒன்றிரண்டு மணி நேரம் இயக்கும். ஆனால் அதே யு.பி.எஸ்.ஸில் அச்சுப்பொறியையும் மின்விசிறியையும் மாட்டினால் இக்கணக்கு பயன்படாது. மின்கலத்தின் திறன் ஆண்டுதோறும் குறைவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

கேபிளும் ஸ்விட்சும்

இக்காலத்து வலையமைப்புக் கேபிளினுள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. விநாடிக்கு 1,000 மெகாபிட் செல்ல நான்கு இணைகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். நாற்காலிக் காலின்கீழ் நசுங்கி ஓர் இணை அறுந்தால், சாதனங்கள் தாமாகவே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிக்கொள்ளக்கூடும். விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் குறை வெளியே தெரியாது. இவ்வாறான கேபிளை மாற்றச் சில நூறு ரூபாயே செலவாகும். இணைப்பு முனைகளைச் சரியாக அழுத்திப் பொருத்தவும், தரையில் கிடக்கும் கேபிளைக் குழாயினுள் செலுத்தவும் அரைநாள் வேலை போதும்.

இங்கு நான்கு விதிகளை நினைவிற்கொள்ளலாம். சாதனத்துக்குச் சாதனம் கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. பெரிய மோட்டார்களுக்குச் செல்லும் மின்கம்பியோடு ஒட்டி அதைக் கொண்டுசெல்லலாகாது. ஒரே கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக ஒரே ஸ்விட்சில் செருகினால், சாதாரண ஸ்விட்சில் செய்திகள் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பு முழுவதும் நின்றுவிடக்கூடும். காரணம் தெரியாத திடீர்த் தடங்கலில் இதை முதலில் தேடவேண்டும். இரண்டு கட்டடங்களை இணைக்கும்போது செம்புக் கேபிளைவிடக் கண்ணாடி இழைக் கேபிள் சிறந்தது; கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆதலால் இடி மின்னலின்போது ஒரு கட்டடத்துச் சேதம் மற்றதற்குப் பரவாது.

வெளி இணைப்பு நின்றுபோதல்

வேகத்தைக் கூட்டுவதால் இணைப்பு நின்றுபோவதைத் தடுக்க முடியாது. ஒரே கம்பியில் 100 மெகாபிட் வந்தாலும் 300 வந்தாலும், சாலையில் பள்ளம் தோண்டுபவரின் கடப்பாறைக்கு இரண்டும் ஒன்றே. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்கும் இணைப்பும் ஆண்டில் 87 மணி நேரத்துக்கு மேல் இயங்காமலிருக்கும். ஆகவே, முதல் இணைப்பு நின்றவுடன் தானாக இயங்கும்படி வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பை ரௌட்டரோடு சேர்த்துவைப்பது, வேகத்தை மும்மடங்காக்குவதைக் காட்டிலும் பயனுடையது. விலைப்பட்டியலும் மின்வழிச் சீட்டும் பெற அந்தச் சிறிய இணைப்பே போதும்.

வைஃபை

பழைய வைஃபை சாதனங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒன்றோடொன்று கலவாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அண்டைக் கூடங்களின் அலைகளும் அவற்றிலேயே நெருங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தடங்கள் மிகுதி; ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. இரும்பு அலமாரிகள் நிறைந்த சரக்கறையில் எந்த அலையும் எளிதாக நுழையாது. இதற்குப் பரிகாரமாக அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் சாதனத்தைச் சிலர் வாங்குகின்றனர். ஒரே தடத்தில் வாங்கவும் அனுப்பவும் வேண்டியிருப்பதால் அதில் வேகம் பாதியாகக் குறையும். சரக்கறைக்குள் ஒரு கேபிளைக் கொண்டுபோய், அதன் முனையில் தனி அலைபரப்பியை உயரத்தில் பொருத்துவதே நிலையான பரிகாரம். நகராத கணினிகளுக்கு வைஃபையைத் தவிர்த்துக் கேபிளையே தருவதும் நெருக்கத்தைக் குறைக்கும்.

செலவையும் சேர்த்து எண்ணுதல்

இறுதி வரிசையை அமைக்கும்போது, மீட்கக்கூடிய நேரத்தோடு அதற்காகும் செலவையும் ஒப்பிடவேண்டும். மின்சாரத் தடையால் 18 மணியும் கேபிளால் 12 மணியும் வீணாயின. எனினும் கேபிளை மாற்றும் செலவு யு.பி.எஸ். விலையைவிட மிகக் குறைவாதலின், கேபிளையே முதலில் மாற்றுவது தகும். எனவே நம் எடுத்துக்காட்டில் வரிசை இவ்வாறு அமைகிறது: முதல் வாரத்தில் கடவுச்சொல் மாற்றம், மென்பொருள் புதுப்பித்தல், இரண்டு வெளித்தட்டுகளில் படியெடுத்தல், இரண்டாம் வாரத்தில் கேபிள் செப்பனிடுதல், அம்மாதத்துக்குள் யு.பி.எஸ்.; அடுத்த மாதம் கைப்பேசித் துணை இணைப்பு; அதன்பின் சரக்கறை அலைபரப்பி. வேகத்தை உயர்த்துவது கடைசி. மேற்கூறியவை முடிந்த பின்னும் வரைபடம் அனுப்புவதில் தாமதம் நீடித்தால் அப்போது அதைச் செய்யலாம்.

இவ்வரிசை எல்லாக் கூடங்களுக்கும் பொதுவன்று. நாள் முழுவதும் பெரிய வரைபடங்களை அனுப்பும் வடிவமைப்பு நிலையத்தின் பதிவேட்டில் வேகமே மேலே நிற்கலாம். கணக்கு முழுவதும் இணையத்திலேயே இருக்கும் கடையில் துணை இணைப்பு முந்தலாம். வரிசை மாறலாம், திரும்பப் பெறமுடியாததைக் காப்பது முதல், மற்றவற்றை அளந்து முடிவு செய்வது பின் என்ற முறை மட்டும் மாறாது.

சட்டம் விதிக்கும் கடமை

இந்தியக் கணினி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்ட கட்டளைகளின்படி, குறிப்பிட்ட வகையான கணினிப் பாதுகாப்பு மீறல்களை, அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். கணினி அமைப்புகளின் நிகழ்ச்சிப் பதிவுகளை 180 நாட்கள் காக்கவும் வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஆயத்தம் செய்துகொள்ளும் பொருட்டு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. சாதனங்களின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் தரும் நேரத்தோடு பொருத்திவைக்கவேண்டும் என்பதும் அக்கட்டளைகளில் உள்ளது. புதுடில்லியிலுள்ள அவ்வாய்வுக்கூடமே இந்திய நேரத்தைக் காத்துவருவது. காமிரா ஒரு மணியும் ரௌட்டர் வேறு மணியும் காட்டினால், எது முன் நேர்ந்தது, எது பின் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இயலாது. பண மோசடி நேர்ந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கணக்கர் மேசையருகே ஒட்டிவைப்பது நலம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது

ஒரு கூடத்துக்குச் செல்லும் களப்பணியாளர், முதல் வருகையில் எச்சாதனத்தையும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. கணக்கு எத்தனை படிகளாக உள்ளது, கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டது என்று கேட்டு, படி இல்லாவிடில் அன்றே ஒன்றை எடுக்கச் செய்து, பதிவேட்டுக்குரிய ஐந்து கட்டங்களைக் கோடிட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் அவ்வருகை பயனுடையதாகும். பதிவேட்டை எழுதும் பொறுப்பைக் கணக்கரிடமோ சரக்கறைப் பணியாளரிடமோ ஒப்படைப்பது மேல். தடங்கலை நேரே அனுபவிப்பவர் அவர்களே. உரிமையாளர் அறைக்கு வரும் இணைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இதை ஒரு செய்முறைப் பயிற்சியாக்கலாம். மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, நிலையத்தின் வலையமைப்பிலேயே மூவிடச் சோதனையைச் செய்வித்து, ஒரு மாதப் பதிவேட்டை எழுதச் சொல்லி, ரூ. 10,000 மட்டும் கையிலிருந்தால் எதை முதலில் சீர்திருத்துவீர்கள் என்று கேட்கலாம். குழுக்களின் விடைகள் வேறுபடும்போது, ஒவ்வொரு குழுவும் தன் எண்களைக் காட்டி வாதிடவேண்டும். சாதனங்களின் பெயரும் விலையும் சில ஆண்டுகளில் மாறிவிடும். அளந்து பார்த்து வரிசை அமைக்கப் பழகிய மாணவர் அப்போதும் தடுமாறமாட்டார்.

சீர்திருத்தம் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே பதிவேட்டை மீண்டும் ஒரு மாதம் எழுதிப் பார்க்கவேண்டும். 48 மணி 40 நிமிடம் எவ்வளவாகக் குறைந்தது என்பதை உரிமையாளர் தம் கண்ணாலேயே காண்பார். எஞ்சியவற்றுள் எது முதலிடம் பெற்றுள்ளது என்பதும் தெரியவரும். அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.